சாமி காடும் சாமைக் காடும்: கொல்லிமலையில் ஐந்து நாட்கள்

முதல் நாள், ஜனவரி 22

காரவள்ளியைத் தாண்டியதும் பேருந்துக்குள் பேச்சு அடங்கிவிட்டது. அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். பாதி வளைவுகள் ஏறியபோது ஜன்னல் கம்பி ஜில்லிட்டது. தைப் பனி. பக்கத்து இருக்கை அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

ஒரு வளைவில் எங்கள் பேருந்து ஒதுங்கி நின்றது. மேலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி இறங்கி வந்தது, பின்னாலேயே இன்னொன்று. ராசிபுரம், ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குப் போகிறவை. லாரியில் கிழங்கோடு ஒட்டிப் போகும் செம்மண்ணைப் பார்த்தேன். இந்த மலையின் மேல்மண் இப்படியும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

நான் வந்தது ஒரு கேள்வியோடு. இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக யாரும் கோடரி வைக்காத கோயில்காடுகள் இன்னும் நிற்கின்றன. காவலர் கிடையாது, வேலி கிடையாது, சாமி மேல் உள்ள நம்பிக்கை மட்டும்தான். அதே மக்கள், அதே மலைச்சரிவில், அதே நம்பிக்கையோடு விதைத்துவந்த சாமையும் தினையும் மட்டும் ஏன் இப்படிச் சுருங்கிப்போயின?

செம்மேட்டில் இறங்கி, வல்வில் ஓரி சிலையைத் தாண்டி, ஜீப்பில் முக்கால் மணி நேரம். நான் தங்கியிருக்கும் ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. "பேரு போட்டா அடுத்த வாரமே நாலு வண்டி வந்து நிக்கும், காட்டுக்குள்ள பாட்டில் கெடக்கும்" என்றார்கள். நியாயமான பயம்தான்.

சமவெளிக்காரர்களுக்கு ஒரு விளக்கம்: இங்கே வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுகிறார்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்றே பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பி வந்ததாகவும், ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறியதாகவும் இவர்களுடைய கதை. ஊர்கள் இன்றும் வளப்பூர்நாடு, வாழவந்திநாடு, அரியூர்நாடு என்று நாடு நாடாகத்தான் அறியப்படுகின்றன.

இரவு கடுங்காப்பி, இந்த மலையில் விளைந்த கொட்டை. கம்பளிக்குள் போகிறேன்.

இரண்டாம் நாள், ஜனவரி 23

நாம் கோயில்காடு என்று எழுதுவதை இந்த ஊரில் 'சாமி காடு' என்கிறார்கள்.

ஊருக்கு மேற்கே ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி, கீழே காப்பி. மிளகு பறிப்பு நடக்கிறது. ஏணியில் நின்ற பையன் என்னைக் கூட்டிப்போன பூசாரியைப் பார்த்து, "பெரியப்பா, செருப்ப அக்காவ இங்கயே கழட்டச் சொல்லு" என்று கத்தினான். எல்லைக்கல் எதுவும் என் கண்ணில் படவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பத்தடி தாண்டியதும் வெளிச்சம் குறைந்தது. நாவலும் கடுக்காயும் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கின்றன. தொடை பருமனுள்ள கொடிகள் ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கின்றன. காலடியில் இலைச்சருகு கணுக்கால் வரை. நடுவில் கருப்புசாமி. கூரை இல்லை, சுவர் இல்லை. மண்ணில் ஊன்றிய வேல்கள், சூலங்கள், துருப்பிடித்த மணிகள். அவ்வளவுதான் கோயில்.

ஏற்றத்தில் ஊன்றிக்கொள்ளக் கீழே கிடந்த காய்ந்த குச்சி ஒன்றை எடுத்திருந்தேன். திரும்பும்போது அது கையிலேயே இருந்தது. எல்லையில் பூசாரி நின்றார். குரல் உயரவில்லை.

"அத இங்கயே போட்டுரும்மா. உள்ள கெடக்குறது உள்ளயே மக்கணும்."

போட்டேன். முகம் சூடாகிவிட்டது. அவர் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகாத குறையாக இறக்கத்துக்கு அழைத்துப்போய், காட்டின் அடிவாரத்தில் ஒரு பாறை இடுக்கைக் காட்டினார். சுண்டுவிரல் கனத்துக்குத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. தை மாதம், மழை நின்று வாரக்கணக்கான பிறகும். அந்தத் தண்ணீர் வாய்க்காலாகிப் பள்ளத்து நெல்வயலுக்குப் போகிறது. மிஞ்சியது ஓடைக்கு. இப்படி ஓடை ஓடையாகச் சேர்ந்துதான் ஐயாறு ஆகாய கங்கையாகக் குதித்து, புளியஞ்சோலை வழியாகக் கீழே போய்க் காவிரியைத் தொடுகிறது.

சருகு மக்கினால் மண் பஞ்சாகும், பஞ்சு மழையைக் குடிக்கும், குடித்ததைக் கோடை வரை கொஞ்சம் கொஞ்சமாக விடும். நீரியல் படித்தவர்கள் சொல்லும் இதே கணக்கைப் பூசாரி ஒற்றை வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

திருவிழாவில் பொங்கல் வைக்க மட்டும் உள்ளே விழுந்த விறகை உள்ளேயே எரிப்பார்கள். வெளியே ஒரு சுள்ளி போகாது. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் உள்ளே போவதில்லை. இந்த விதியை என்னால் ஏற்க முடியவில்லை, எழுதாமல் விடவும் மனமில்லை. காட்டைக் காத்த கட்டுப்பாடுகளில் சில பெண்களின் தோள்மேல் மட்டும் ஏற்றப்பட்டவை. பூசாரியின் மருமகளிடம் கேட்டேன். "இருக்கட்டும்க்கா, அந்த நாலு நாளு காட்டுப்பக்கம் விறகுக்குப் போற வேலையும் இல்ல" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை எந்தக் கணக்கில் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

நான் எதிர்பாராத ஒன்றைச் சொல்ல வேண்டும். காட்டுக்குள் ஏதாவது மாற்றம் வேண்டுமென்றால் பூக்கேட்பார்களாம். சிவப்பு, வெள்ளை என்று இரண்டு பூவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் இல்லை. பாதையை அகலப்படுத்தக் கேட்டபோது சிவப்பு வந்ததாம். வேலை நின்றது.

படித்தவர்கள் இதைச் சீட்டுக் குலுக்கல் என்பார்கள். நான் கவனித்தது வேறு. பூக்கேட்க வேண்டுமென்றால் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் வர வேண்டும், வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும், கேள்வியை எல்லோர் காதிலும் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் இருட்டில் கூடி ஒரு மரத்தை விலைபேச வழியே இல்லை. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஊர் முழுக்க நிற்கும் இடத்தில்தான் காட்டைப் பற்றிப் பேச முடியும் என்ற ஏற்பாடுதான் அந்த மரங்களை நிறுத்தி வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அரசும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின்கீழ் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர் மரபுத் தலமானது. 2025இல் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டியின் கோயில்காடு. அது ஐந்து ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவுதான். அவ்வளவு சிறிய காட்டுக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது என்று சொன்னபோது பூசாரி, "அப்ப பூக்கேக்குறத யாரு கேப்பாங்க?" என்றார். நல்ல கேள்வி. எனக்குப் பதில் வரவில்லை.

மூன்றாம் நாள், ஜனவரி 24

இன்று முழுக்க இந்த ஊர்ப் பாட்டி ஒருவரோடு. வயது கேட்டால் "சுதந்திரம் வந்தப்ப நடந்துக்கிட்டிருந்தேனாம்" என்கிறார்.

வீட்டு மூலையில் தொம்பை. மூங்கில் பட்டையால் பின்னி, சாணமும் மண்ணும் மெழுகிய ஆளுயரக் குதிர். முன்பெல்லாம் நிறைய இருக்குமாம். இப்போது அடியில் மூன்று சின்ன மூட்டைகள், விதைக்காக வைத்தவை. ஒன்றைப் பிரித்தார். சாம்பலும் நொச்சி இலையும் கலந்த மணம் மூக்கில் ஏறியது. உள்ளங்கையில் கொட்டிய சாமை, கடுகைவிடக் கொஞ்சம் நீளம், பழுப்பில் ஒரு மினுமினுப்பு. விரலை விரித்தால் தண்ணீர்போல் ஒழுகி ஓடுகிறது.

கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை, மல்லியச் சாமை, திருகுலாச் சாமை என்று பெயர்களை அடுக்கினார். தினையில் செந்தினை, பாலந்தினை, மூக்கந்தினை. கேழ்வரகில் சுருட்டை, கருங்குளியான். "எல்லாமே இருக்கா பாட்டி?" என்றேன். "பேரு இருக்குது கண்ணு" என்றார்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஒன்று சீக்கிரம் வரும், ஒன்று காற்றுக்குச் சாயாது, ஒன்று பாறைமேல் ஒரு சாண் மண் இருந்தாலும் போதும் என்று நிற்கும். மழை எப்படி வரும் என்று தெரியாத மலையில், நாலு விதமாகப் போட்டால் இரண்டாவது வீடு வந்து சேரும். சாமைக்குள் கடுகும் அவரையும் கலந்து விதைப்பார்கள். அதிகம் கேட்காத பயிர் இது. வறட்சியும் தாங்கும், கொஞ்சநாள் நீர் தேங்கினாலும் தாங்கும்.

சரி, அப்படியானால் ஏன் போயிற்று?

பாட்டி பதில் சொல்லவில்லை. இரண்டு படி சாமையை உரலில் கொட்டி, உலக்கையை என் கையில் கொடுத்தார்.

முதல் நூறு குத்தில் உள்ளங்கை சிவந்தது. சாமை உரலை விட்டுத் துள்ளி வெளியே ஓடுகிறது. காலால் அணைத்துத் தள்ளிக்கொண்டே குத்த வேண்டும். அப்புறம் முறத்தில் புடைக்க வேண்டும். உமி பறக்கிறது, ஆனால் பாதி மணி தோலோடுதான் இருக்கிறது. மறுபடி உரல், மறுபடி முறம். மூன்றாவது சுற்றுக்குப் பிறகும் உரியாத மணிகள் கண்ணைச் சிமிட்டின. அப்புறம் முறத்தை அசைத்து நாவி, கல் பொறுக்க வேண்டும். நானும் பாட்டியின் மருமகளும் மாறி மாறிக் குத்தியும் காலைப் பொழுது முழுக்க இதற்கே போயிற்று. நாலு பேருக்கு ஒருவேளைச் சோறு வந்தது. கொப்புளம் இரண்டு.

"இப்ப தெரிஞ்சுதா?" என்றார் பாட்டி.

தெரிந்தது. நியாயவிலைக் கடையில் 2011 முதல் அரிசி இலவசம். வாங்கி உலையில் போட்டால் சோறு. மரவள்ளி நட்டால் வியாபாரி காட்டுக்கே லாரி கொண்டுவந்து பணத்தைக் கையில் கொடுக்கிறான். பிள்ளை படிப்பு, கல்யாணம், ஆஸ்பத்திரி எல்லாம் அந்தப் பணத்தில்தான். ஆனால் சரிவு நிலத்தில் கிழங்கைப் பிடுங்கும்போது மண்ணைக் கிளறித்தான் ஆக வேண்டும். அடுத்த மழையில் கிளறிய மண் ஓடைக்குப் போகிறது. இது அவர்களுக்குத் தெரியாததல்ல. மதியம் மரவள்ளிக் காட்டில் நின்றபோது பாட்டியின் மகன் தானாகவே ஒரு பாறையைக் காட்டி, "சின்னப் புள்ளையில இது மேல மண்ணு இருந்துச்சுங்க" என்றார்.

என் கேள்விக்குப் பாதி விடை அந்த உரலில் கிடைத்துவிட்டது. சாமி காட்டைக் காக்க யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, செய்யாமல் இருந்தால் போதும். சாமையைக் காக்கத் தினம் தினம் ஒரு பெண் உலக்கை பிடிக்க வேண்டும். விதைக்கும்போது சாமி கும்பிடுகிறார்கள், அறுக்கும்போது படைக்கிறார்கள். ஆனால் குத்துகிறவளின் தோள்வலிக்கு எந்தச் சாமியும் வாக்குச் சொல்லவில்லை.

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்தே இந்த மலையில் வேலை செய்கிறது. விதையைச் சேகரித்துக் குளிர்பெட்டியில் வைப்பதோடு நிற்காமல், ஊர் விதை வங்கி, உமி நீக்கும் இயந்திரம், மகளிர் குழுக்கள், விற்பனை என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். பாதுகாப்பு, சாகுபடி, உணவு, வணிகம் நான்கும் ஒரே கயிற்றின் நான்கு பிரிகள் என்ற எண்ணம். 2023ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே இது நடந்தது.

இந்த ஊரிலும் மகளிர் குழு நடத்தும் சின்னச் சாமை மில் ஒன்று உண்டு. போய்ப் பார்த்தேன். பூட்டியிருந்தது. மோட்டார் எரிந்து இரண்டு மாதமாகிறது. மெக்கானிக் கீழேயிருந்து வர வேண்டும். வரவில்லை. அதனால்தான் உலக்கை என் கைக்கு வந்தது.

நான்காம் நாள், ஜனவரி 25

கை வலி. இன்று நடை மட்டும்.

அறப்பளீஸ்வரரை வணங்கிவிட்டு ஆகாய கங்கைக்கு ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கினேன். அருவியைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம், விட்டுவிடுகிறேன். வழிநெடுக முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கடைகள். ஆட்டுக்கால்போல் மயிரோடு இருக்கும் அந்தக் 'கிழங்கு' உண்மையில் மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு. மூட்டுவலிக்கு நல்லது என்று கூடைகூடையாக வாங்கிப் போகிறார்கள். பெரணியைச் சுரண்டி எடுத்த இடம் வெறும் மரப்பட்டையாக நிற்கிறது. நான் தங்கியிருக்கும் ஊரில் ஒரு வழக்கம்: சாமி காட்டில் தொடக்கூடாது, வெளியே எடுத்தாலும் நுனியை விட்டுத்தான் வெட்ட வேண்டும். வாங்க வருகிற கூட்டம் பெருகப் பெருக இந்த வழக்கம் எத்தனை நாள் நிற்குமோ என்று கவலையாக இருக்கிறது.

கூட வந்த ஊர்த் தம்பி கல்லூரியில் படிக்கிறான். தூரத்து மேடு ஒன்றைக் காட்டினான். இந்த மலையில் பாக்சைட் வெட்டிய காலம் ஒன்று உண்டு, இப்போது நின்றுவிட்டது. "அங்கயும் சாமி இருந்துச்சுக்கா. ஆனா அங்க யாரும் எங்க ஆளுங்களக் கேக்கல" என்றான். நேற்று முன்தினம் பூசாரி கேட்ட கேள்விதான் இது.

ஐந்தாம் நாள், ஜனவரி 26

குடியரசு நாள். கிராமசபை.

முன்தினம் இரவே தம்பி தன் கைப்பேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினான். பெரியவர்களை முன்னால் நடக்கவிட்டு, பின்னாலேயே இவன் ஜி.பி.எஸ். புள்ளி குறித்துக்கொண்டு ஊர்க்காட்டின் எல்லையைச் சுற்றி வந்திருக்கிறான். "இந்தப் பாறை பேரு என்ன, அந்த ஓடை பேரு என்ன"ன்னு கேட்டுக் கேட்டு எழுதியதாம். ஐம்பதுக்கு மேல் பெயர்கள். பாதி அவனுக்கே புதிது.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் தனிநபர் நிலப்பட்டா பற்றித்தான் பலருக்கும் தெரியும். பிரிவு 3(1)(i) அதற்கும் மேலே போகிறது: ஒரு சமூகம் வழிவழியாகக் காத்துவந்த காட்டைத் தொடர்ந்து காக்கவும் மேலாண்மை செய்யவும் அதற்கே உரிமை உண்டு. அந்தச் சட்டத்தின்படி கூடும் கிராமசபையில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். அதற்கென்று தனியாகக் கூட்டம் கூட்டத்தான் இன்று தேதி கேட்கப் போகிறார்கள்.

பள்ளிக்கூட வாசலில் பந்தல். தீர்மானங்களை வேகமாக வாசித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் "சரிதானே?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்ததற்குப் போனார்கள். கையெழுத்து நோட்டு சுற்றிவர ஆரம்பித்துவிட்டது. கூட்டம் முடிந்துவிடும்போல் இருந்தது.

மகளிர் குழுத் தலைவி எழுந்தார். "நோட்டு இங்க நிக்கட்டும். மில்லு விசயம் எழுதாம நாங்க கையெழுத்துப் போட மாட்டோம்." அவருக்குப் பின்னால் பெண்கள் வரிசை முழுக்க நோட்டைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் சலசலப்பு. எழுதினார்கள்: மில் மோட்டாரைச் சரிசெய்வது, மும்முனை மின்சாரம் கேட்பது.

அடுத்தது சாமி காடு. வெளியூரில் சம்பாதிக்கும் ஒருவர் கருப்புக்குக் கான்கிரீட் மண்டபம் கட்டித் தரத் தயார் என்றார். பக்தியோடுதான் சொன்னார், சந்தேகமில்லை. ஏழெட்டு மரம் எடுக்க வேண்டியிருக்கும். பல ஊர்களில் கோயில்காடு இப்படித்தான் கோயில் மட்டுமாகியிருக்கிறது. ஊர்க்கவுண்டர் மெதுவாகச் சொன்னார்: "கூர வேணும்னா அது எப்பவோ கேட்டிருக்கும். மழையில நனைஞ்சுக்கிட்டே இருக்குற சாமிப்பா அது." பூக்கேட்கலாமா என்றார் ஒருவர். கேட்கவே வேண்டாம் என்றார்கள் பலர். கடைசியில் எல்லை வரைபடத்தோடு சேர்த்து, தனிக் கூட்டத்தில் பேசுவதென்று முடிவு. மாசி இரண்டாம் ஞாயிறு.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மெக்கானிக் இன்னும் வரவில்லை. மரவள்ளி லாரி இன்றும் வந்தது. மகளிர் குழுத் தலைவியின் காட்டுக் கிழங்கும் அதில்தான் போயிற்று.

மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது பாட்டி கூப்பிட்டார். விடிவதற்கு முன்பே எழுந்து குத்தியிருக்கிறார். அந்தச் சத்தம் தூக்கத்தில் கேட்டது நினைவுக்கு வந்தது. சாமைச் சோறும் அவரைக் குழம்பும். சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். என் நோட்டைக் காட்டி, "எல்லாத்தயும் எழுதுறியே, இதயும் எழுது" என்றார்.

"சொல்லுங்க பாட்டி."

"மெசினு ஓடுச்சுன்னா, வர்ற ஆடிக்கு அந்த மேட்டாங்காட்டுல கெழங்கப் புடுங்கிட்டுச் சாமை போடுறேன். மகங்கிட்டச் சொல்லிட்டேன். ஓடலன்னா போட மாட்டேன். எழுதிக்கிட்டியா?"